புகை வராத வீடு

பக்தவத்சலம் வீடு கட்டியது முத்தாபுதுப்பேட்டைக்கும் அப்பால். தார்ச்சாலை முடிந்து, செம்மண் பாதை தொடங்கி, அதுவும் ஒற்றையடிப் பாதையாகக் குறுகிப்போகிற இடம். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் தொழிலாளர்களை மேற்பார்க்கிற சார்ஜ்மேனாக இருந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து குவார்ட்டர்ஸ் வாசம். ஓய்வு பெற்றதும் அதைக் காலி செய்தாக வேண்டுமே என்ற கவலையில், சேர்த்து வைத்ததையெல்லாம் போட்டு இந்த மனையை வாங்கினார். "அஞ்சே வருஷம் சார், இங்க பஸ் ஸ்டாண்டே வந்துடும்" என்றான் மனை விற்ற தரகன்.

1990 தை மாதம் பால் காய்ச்சிக் குடிபோனார்கள். அந்த வட்டாரத்தில் அப்போது மூன்றே வீடுகள். ஒன்று எப்போதும் பூட்டிக் கிடந்தது. இன்னொன்றுக்குத் தளம் போடவில்லை. மற்றபடி வெள்ளையடித்த எல்லைக் கற்கள், அவற்றை மூடி வளர்ந்த வேலிகாத்தான் முட்புதர், தூரத்தில் ஏரிக்கரை. அவ்வளவுதான்.

அவர் மனைவி பார்வதம் புது வீட்டைப் பற்றிக் குறை ஒன்றும் சொல்லவில்லை. கையைப் பிசைந்துகொண்டு ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தாள். "காத்து நல்லா வருது" என்றாள். குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு ரோஸியின் குரல் சுவர் வழியாகவே கேட்கும். குழம்பு தாளிக்கிற வாசனையை வைத்தே அங்கே என்ன சமையல் என்று இவள் சொல்லிவிடுவாள். இங்கே காற்று மட்டும்தான் வந்தது.

மின்சாரம் இருந்தது, ஆனால் பேருக்குத்தான். சாயங்காலமானால் பல்பின் கம்பி சிவப்பாகத் தெரியும், வெளிச்சம் வராது. ஹீட்டர் காயிலை வாளியில் போட்டால் ஒரு மணி நேரம் கழித்தும் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். அதனால் பின்பக்கம் செங்கல் அடுப்புக் கட்டி, பெரிய அண்டா ஒன்றை வைத்தார்கள். விறகுக்குப் பஞ்சமில்லை. வேலிகாத்தானை வெட்டிக் காயவைத்து அடுக்கினால் போதும். பக்தவத்சலம் விடியலில் குளித்துவிட்டு மொபெட்டில் கிளம்பினால் ஓவர்டைம் முடிந்து இரவில்தான் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னல் கம்பிகளுக்குப் பெயின்ட் அடிப்பார், படிக்குப் பூச்சு பூசுவார். வாழ்க்கையில் முதல் முறையாகச் சொந்தச் சுவரில் ஆணி அடிக்கிற சந்தோஷம் அவருக்கு.

ஒரு விஷயம்தான் அவருக்குப் பிடிபடவே இல்லை. அடுக்கி வைக்கிற விறகு சீக்கிரம் சீக்கிரமாகக் கரைந்தது. "நீ என்ன, ஊருக்கே வெந்நீர் போடுறியா?" என்று ஒரு நாள் கேட்டார். பார்வதம் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

மழைக்காலத்தில் அவளுக்கு இளைப்பு வந்தது. இரவெல்லாம் உட்கார்ந்தபடி மூச்சு வாங்கினாள். டாக்டர் புகையே ஆகாது என்றார். அந்தச் சமயத்தில்தான் ராணிப்பேட்டையில் மகள் கஸ்தூரிக்கு இரண்டாவது பிரசவம். பார்வதம் உதவிக்குப் போனாள். குழந்தை பிறந்தது, தொட்டிலில் போட்டார்கள், தவழ்ந்தது, நடக்கவும் தொடங்கியது. பார்வதம் திரும்பவில்லை.

மாதம் ஒரு முறை பூந்தமல்லி போய் பஸ் பிடித்து ராணிப்பேட்டைக்குப் போவார் பக்தவத்சலம். ஒரு கிலோ ஆப்பிளும் பேரப் பிள்ளைகளுக்குப் பிஸ்கட்டும் வாங்கிக்கொள்வார். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "எப்ப வர?" என்பார்.

"அந்தப் புகையில என்னால முடியாதுங்க" என்பாள் பார்வதம்.

அப்படியானால் புகையை ஒழித்துவிட்டால் போயிற்று என்று அவருக்குத் தோன்றியது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இயந்திரங்களோடு பழகிய புத்தி. எது பழுதோ அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டத் தெரியும். தொழிற்சாலை மைதானத்தில் நடந்த பொருட்காட்சியில் ஒரு சோலார் ஹீட்டரை வைத்திருந்தார்கள். கண்ணாடி மூடிய பெட்டி, உள்ளே கறுப்புத் தகடு, அதில் ஓடும் செம்புக் குழாய்கள். விறகு வேண்டாம், கரண்ட் வேண்டாம், வெயில் போதும். அவர் கூட்டம் கலைந்த பிறகும் அங்கேயே நின்று அதைத் தடவிப் பார்த்தார்.

1992 தொடக்கத்தில், நசரத்பேட்டையில் பட்டறை வைத்திருந்த டேவிட் வேனில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்தான். பாதை முடிந்த இடத்தில் வேனை நிறுத்திவிட்டு ஆட்களோடு தோளில் சுமந்து வந்தார்கள்.

"இன்னா சார், காட்ல வந்து ஊடு கட்டிகினு கீறீங்க!" என்று மொட்டை மாடியில் நின்று சுற்றிலும் பார்த்தான் டேவிட். "ஒண்ணு சொல்றேன், வெயிலுக்குக் குறையே இல்ல. ஒரு மர நெழலு உழாது. ஊட்ல எத்தினி பேரு?"

"ரெண்டு பேரு" என்றார் பக்தவத்சலம். "அப்பப்ப பொண்ணு, பேரப்பசங்க வருவாங்க."

கொடியில் இரண்டு சட்டையும் ஒரு லுங்கியும் மட்டும் காய்ந்துகொண்டிருந்தன. டேவிட் அவற்றைப் பார்த்தான். "அப்ப நூறு லிட்டரு டேங்க் போதும் சார்" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தெற்கு பார்க்கச் சாய்த்து வைத்துத் திருகாணிகளை முடுக்கத் தொடங்கினான்.

மறுநாள் காலையில் குழாயைத் திறந்தபோது தண்ணீர் கை வைக்க முடியாமல் கொதித்தது. பக்தவத்சலம் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு காலிக் குளியலறையில் மோதித் திரும்பி வந்தது. அன்றைக்கே கடப்பாரையை எடுத்து, பின்பக்கத்து அடுப்பை இடித்துத் தள்ளினார். சாயங்காலம் முத்தாபுதுப்பேட்டை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், கஸ்தூரியின் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு மனைவியைக் கூப்பிடச் சொன்னார்.

"பார்வதம், குழாயத் தொறந்தா வெந்நீர் கொட்டுது. இனிமே புகைங்கிற பேச்சே இல்ல. அடுப்ப இடிச்சிட்டேன்."

"இடிச்சிட்டீங்களா?" என்றாள்.

"ஆமா. நீ வந்து பாரு."

மாசி மாதம் அவள் வந்தாள். பக்தவத்சலம் அவளைக் கையைப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டார். பார்வதம் விரலை நீட்டித் தொட்டுவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "சுடுது" என்றாள். ஆற அமரத் தலைக்குக் குளித்தாள். முடியைக் கோதிக்கொண்டே வந்து, "நல்லாத்தான் இருக்கு. உடம்பு வலியெல்லாம் போன மாதிரி இருக்கு" என்றாள். அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"கெங்கம்மா வராளா?" என்று கேட்டாள். ஏரிக்கரையில் எருமை மேய்க்கிறவள் கெங்கம்மாள். பார்வதம் இருந்தவரை அவளிடம்தான் பால்.

"எனக்கு ஒருத்தனுக்கு எதுக்குப் பாலு? நிறுத்திட்டேன். டீக்கடையில குடிச்சிக்கிறேன்."

மறுநாள் அவர் வேலைக்குப் போய்விட்டு வந்தபோது பார்வதம் பையை எடுத்து வைத்திருந்தாள். குழந்தைக்குச் சளி பிடித்திருக்கும், கஸ்தூரியால் தனியாகச் சமாளிக்க முடியாது என்றாள். அவர் அவளைப் பூந்தமல்லியில் பஸ் ஏற்றிவிட்டார். ஜன்னல் ஓரத்தில் அவள் உட்கார்ந்ததும், இன்னும் என்ன குறை என்று கேட்க வாயெடுத்தார். கண்டக்டர் விசிலடித்துவிட்டான்.

ஆடி பிறப்பதற்குள் பக்தவத்சலம் ஓய்வு பெற்றார். மாலை போட்டு, கடிகாரம் கொடுத்து, ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஜீப் திரும்பிப் போகிற சத்தம் செம்மண் பாதையில் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றதும் வேறு சத்தமில்லை.

பகல் நேரத்தில் தன் வீடு எப்படி இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. பத்து மணிக்கு மேல் வெயில் ஏறும். குருவிகூடக் கத்தாது. பெயின்ட் அடிக்க இனி ஒரு கம்பியும் பாக்கியில்லை. பேப்பரை விளம்பரம் வரை படித்து மடித்தால் மணி பதினொன்றுகூட ஆகியிருக்காது. அடுப்பு இருந்தபோது விறகு வெட்டவும், ஊதவும், சாம்பல் அள்ளவும் ஏதோ ஒரு வேலையாவது இருந்தது. இப்போது குழாயைத் திருகினால் முடிந்தது. குளித்த பிறகும் மேலே தொட்டி நிறைய வெந்நீர் மிச்சமிருக்கும். அதை வீணாக்க மனமில்லாமல் போர்வையைத் துவைத்தார், ஜன்னல் திரையைத் துவைத்தார், துவைத்ததையே மறுபடியும் துவைத்தார். சில மத்தியானங்களில் யாரிடமாவது பேச வேண்டும் போலத் தோன்றும். தொண்டையைச் செருமிக்கொள்வார். அந்தச் சத்தமே அந்நியமாகக் கேட்கும்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நாள் கணக்கில் சூரியனே தலைகாட்டவில்லை. தெற்கு பார்த்த கண்ணாடிப் பெட்டியில் மழைத்தண்ணீர் வழிந்தோடியது, குழாயில் பச்சைத் தண்ணீர்தான் வந்தது. அதில் குளித்ததாலோ என்னவோ, பக்தவத்சலத்துக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தார். பிறகு எழுந்திருக்க முடியவில்லை. ரொட்டி தீர்ந்தது. ஸ்டவ்வைப் பற்றவைக்கக் குனிந்தவருக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வர, சுவரைப் பிடித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெளியே ஏரிக்கரையில் யாரோ மாட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது. "யாருங்க" என்று கூப்பிட்டார். குரல் வாசற்படியைக்கூடத் தாண்டவில்லை.

மழை விட்ட ஒரு நாள் கெங்கம்மாளின் எருமைக்கன்று ஒன்று அறுத்துக்கொண்டு ஓடிவந்து, இவர் வீட்டு வாழையில் வாய் வைத்தது. அதைத் துரத்திக்கொண்டு வந்தவள், கம்பிக் கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார், ஊட்லயா கீற? இன்னா சார் இது, கோலமே மாறிப்போச்சே!"

கொண்டியை எடுத்துவிட்டு உள்ளே வந்து, நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். கன்றை மறந்தாள். ஓட்டமாகப் போய்ப் பாலும் ஒரு தூக்கில் கஞ்சியும் கொண்டுவந்தாள். அவரைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, டம்ளரைக் கையில் கொடுத்தாள்.

"ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா? நீ ராணிப்பேட்ட போய்ட்டன்னு நான் நெனைச்சிகினு கீறேன். ரொம்ப நாளா பொக ஒண்ணும் காணோமே."

"புகையா?"

"ஆமா சார். கரையில மாடு மேய்க்கச் சொல்லோ இந்தப் பக்கம் ஒரு பார்வ பாப்பேன். பொக எழும்புச்சின்னா ஊட்ல ஆளு கீதுன்னு அர்த்தம். அம்மா இருக்கச் சொல்லோ அதான் எங்களுக்குக் கணக்கு."

"இப்ப மாடியில சோலார் போட்டிருக்கேன்ல. புகை வராது" என்றார். கஞ்சி தொண்டையில் இதமாக இறங்கியது. "அடுப்பு இருந்தப்பவும் காலையிலதானே எரியும்?"

கெங்கம்மாள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"காலைல எரியறது உனுக்கு சார். மத்தியானமும்தான் எரியும். வெயிலு மண்டையப் பொளக்கும், அப்ப போயி அண்டா அடுப்பப் பத்தவெச்சிகினு குந்திகினு இருக்கும் அம்மா. இந்த வேக்காட்டுல வெந்நீ இன்னாத்துக்கும்மான்னு கேட்டேன். 'தண்ணிக்கு இல்ல கெங்கம்மா, பொகையப் பாத்தா நீ வருவல்ல, அதுக்குத்தான்'னு சொல்லிச்சு. பச்சையா ரெண்டு மிளாறு போட்டா பொக நல்லா எழும்பும்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். முடிஞ்சப்பல்லாம் வந்து பேசிகினு இருப்பேன். அல்லா நாளும் ஆவுமா சார்? மாட்ட உட்டுட்டு வர முடியாதுன்னா அங்கருந்தே கைய ஆட்டிட்டுப் பூடுவேன். பாவம், அதுக்கே சிரிக்கும்."

பக்தவத்சலம் டம்ளரைக் கீழே வைத்தார். கரைந்துபோன விறகும், அவர் கேட்ட கேள்வியும், தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போன அவள் முதுகும் அவர் கண்ணில் வந்து நின்றன. புகை நெஞ்சை அடைக்கும் என்று தெரிந்தே பச்சைக் குச்சியை அடுப்பில் திணித்திருக்கிறாள். அவர் அந்நேரம் தொழிற்சாலையில் நூறு பேருக்கு நடுவில் நின்று, யாரையாவது பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்திருப்பார்.

"இன்னா சார், கண்ணுல தண்ணி வருது? காய்ச்சலு எறங்கச் சொல்லோ அப்பிடித்தான்" என்றாள் கெங்கம்மாள். கன்றைத் தேடிப் போவதற்கு முன், நாளையிலிருந்து பால் ஊற்றிவிட்டுப் போவதாகச் சொன்னாள்.

உடம்பு தேறியதும் அவர் ராணிப்பேட்டைக்குப் போனார். இந்தத் தடவை ஆப்பிள் வாங்க மறந்துவிட்டார். கஸ்தூரியும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிருந்தார்கள். பார்வதம் கூடத்தில் உட்கார்ந்து, குழந்தைகளின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"மத்தியானத்துல அடுப்பு எரிப்பியாமே."

அவள் கை ஒரு குட்டிச் சட்டையின் மேல் நின்றது. "யாரு சொன்னா?"

"கெங்கம்மா."

"அவளுக்கு வாயி சும்மா இருக்காது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

பார்வதம் சட்டையை மடித்து வைத்தாள், மறுபடி பிரித்தாள். "என்னன்னு சொல்றது? ராத்திரி வந்து, டார்ச் அடிச்சி, பூச்சு காஞ்சிருக்கான்னு சுவரத் தடவிப் பாப்பீங்க. அவ்வளவு ஆசையாக் கட்டினீங்க. அந்த வீட்டுல எனக்குப் பயமா இருக்கு, பேச ஆளில்லாம பைத்தியம் புடிக்கிற மாதிரி இருக்குன்னு எப்படிச் சொல்றது? புகைன்னு சொன்னா உங்களுக்குப் புரியும்னு நெனைச்சேன்."

"புரிஞ்சுதே" என்றார் பக்தவத்சலம். "கடப்பாரைய எடுத்து இடிச்சிட்டேன்ல."

அவளுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போயிற்று.

"நானும் நாலு மாசம் பகல்ல அங்க இருந்து பாத்துட்டேன் பார்வதம், காய்ச்சல்ல வேற தனியாக் கெடந்தேன்" என்றார். "உன்னால எப்படி ஒரு வருஷம் இருக்க முடிஞ்சுதுன்னு தெரியல."

அவள் முதல் முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். மெலிந்திருந்தார். தாடையில் சரியாகச் சவரம் செய்யாத நரைமுடி. "காய்ச்சல்னு ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்றாள். பிறகு, மெதுவாக, "அங்க நான் வரமாட்டேங்க."

"தெரியும். அங்க கூப்பிட நான் வரல."

வீட்டை விற்க முயன்றார். பஸ் வராத இடத்தில் யார் வாங்குவார்கள்? அதே தரகன், "இன்னும் அஞ்சு வருஷம் பொறுங்க சார்" என்றான். கடைசியில் அவர் வீட்டைப் பூட்டிவிட்டு, ஆவடி மார்க்கெட்டுக்குப் பின்னால் வாடகைக்கு ஒரு போர்ஷன் பிடித்தார். ஒரு முற்றம், அதைச் சுற்றி ஆறு குடித்தனங்கள், இரண்டு குளியலறை. பின்பக்கச் சாவியைக் கெங்கம்மாளிடம் கொடுத்து, பால் கேன்களைக் கழுவ வெந்நீரை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் குழாயைத் திறந்து பார்த்து, "அடியம்மா" என்று பின்வாங்கினாள். "கேனு கழுவத் தெனம் சுள்ளி பொறுக்கிகினு கெடந்தேன் சார், இதுல வழவழப்பெல்லாம் ஒரே நிமிஷத்துல பூடும்" என்றாள். இத்தனை மாதத்தில் அந்தத் தண்ணீர் உருப்படியாகப் பயன்பட்டது அப்போதுதான்.

தை முடிவில் பார்வதம் வந்து சேர்ந்தாள். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே பக்கத்துப் போர்ஷன் பஞ்சவர்ணம் வந்து, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்துவிட்டாள். எதிர்ப் போர்ஷன் சகாயம்மாள் ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பு கொண்டுவந்து வைத்தாள். மறுநாள் காலையிலிருந்து முற்றத்தில் பார்வதத்தின் குரல் கேட்கத் தொடங்கிற்று.

பக்தவத்சலம் உள்ளே கட்டிலில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு அதைக் கேட்டார். பேச்சு நிற்கவே இல்லை. கீரைக்காரியிடம் பேரம், யாரோ ஒருத்தியின் நாத்தனார் கதை, யாருடைய பையனுக்கோ அம்மை. நடுவில் ஒரு சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரிக்கிற சிரிப்பு. அது பார்வதத்துடையதுதானா என்று அவர் காதைத் தீட்டிக் கேட்டார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் தன்னோடு அவள் அப்படிச் சிரித்ததாக அவருக்கு நினைவில்லை. ஆள் வந்துவிட்டாள், அறை நிறைந்துவிட்டது. ஆனாலும் சுவருக்கு இந்தப் பக்கம் அவர் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார். பேப்பரில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

வெயில் ஏறி, முற்றம் காலியானதும் பார்வதம் உள்ளே வந்தாள். முகத்தில் சிரிப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்ததும் அது அடங்கியது. வழக்கம்போலத் தட்டை வைத்து, சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றினாள். அவரும் வழக்கம்போலக் குனிந்து பிசையத் தொடங்கினார். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார்.

"அங்க என்ன அப்படிச் சிரிப்பு?" என்றார்.

"ஒண்ணுமில்லங்க. சும்மா பொம்பளைங்க பேச்சு."

"பரவால்ல. எனக்கும் சொல்லேன்."

பார்வதம் அவர் கிண்டல் செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தாள். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, கையைத் தட்டில் வைத்தபடி காத்திருந்தார். அவள் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். புடவையைச் சரிசெய்துகொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"உங்களுக்குப் பஞ்சவர்ணத்தோட மாமியார் யாருன்னு தெரியாதுல்ல? அதுலருந்து சொன்னாத்தான் புரியும்" என்று ஆரம்பித்தாள்.